படகு ஏறாத நவரத்தினம் அண்ணை

லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டுத் தொலைபேசி காலையிலேயே அடித்தது. மனோர் பார்க்கில் நவரத்தினம் அண்ணை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பேசினார். "தம்பி, அண்ணை கதவு திறக்கேல்லை. உடைச்சுத்தான் உள்ள போனனாங்கள்" என்றார். நித்திரையில் மாரடைப்பு. அவருடைய மனைவி புவனேஸ்வரி அக்கா விசாவும் டிக்கெட்டுமாகக் கொழும்பில் இருந்தார். அடுத்த கிழமை வருவதாக ஏற்பாடு. இத்தனை வருடம் பொறுத்த மனிதருக்கு இன்னும் ஒரு கிழமை பொறுக்க முடியவில்லையே என்று எனக்குத் துக்கத்துக்கு முன் கோபம்தான் வந்தது.

எண்பதுகளின் நடுவில் இல்போர்ட் பக்கத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றில்தான் அவரை அறிந்தேன். நான் புதியவன், அவர் பழையவர். ஊரில் படுக்கையில் கிடந்த தாயை விட்டு வர அக்காவால் முடியவில்லை. பிறகு அங்கே சண்டை, கொழும்புக்கு வரும் பாதையும் பூட்டு. "வருவா, வருவா" என்று அண்ணை எங்களுக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார். வாகனம் வராத நேரங்களில், விற்பனைக்கு வைத்த வீதி வரைபடங்களை விரித்துப் பார்ப்பார். அப்படி அவர் கண்டெடுத்த ஊர்தான் பிளொக்டன். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், மலைகளுக்கிடையே கடல் புகுந்த இடத்தில் ஒரு வரிசை வீடுகள், அவ்வளவுதான் ஊர்.

வருடா வருடம் லீவில் தனியே அங்கே போய்வந்தார். நாளடைவில் எங்கள் சனத்துக்கு அவர் 'ஸ்கொட்லாந்து அண்ணை' ஆகிவிட்டார். சுற்றுலா போகிறவர்கள் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். "டோர்னியில கல்லுப் பாலத்தோட ஒரு கோட்டை இருக்கு. வெள்ளனப் போனால் சனம் இராது. குளோமாக் அருவிக்கு நல்ல சப்பாத்து வேணும், சேலையோட ஏலாது" என்று ஒழுங்காகச் சொல்லுவார். எதிரே இருக்கிற ஸ்கை தீவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது எனக்குத் தெரியாது" என்று முடித்துவிடுவார்.

தெரியாததற்குக் காரணம் ஒரு நேர்த்திக்கடன். அக்கா வந்து சேரும்வரை அந்தத் தீவில் கால் வைப்பதில்லை என்று ஆர்ச்வே கோயில் முருகனிடம் வேண்டியிருந்தார். "ஆக்கள் மொட்டை அடிக்கினம், காவடி எடுக்கினம். நீங்கள் படகு ஏறாமல் இருக்கிறதும் ஒரு நேர்த்தியோ?" என்று பகிடி பண்ணினேன். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "குடுக்கத் தலையில மயிர் இல்லை. விருப்பமான ஒண்டைத்தானே விடவேணும்? அதை அவவோட பாக்கத்தான் எனக்கு விருப்பம்."

ஒருமுறை நானும் கூடப் போனேன். பிளொக்டன் கரையில் பனைபோல மரங்கள் நின்றதைப் பார்த்து வாய் திறந்தேன். "பனை எண்டு சொல்லாதையும். நுங்கும் இல்லை, கள்ளும் இல்லை" என்றார். தங்கிய விடுதியில் எப்போதும் இரண்டு கட்டில் போட்ட அறையைத்தான் கேட்பாராம். இந்த முறைதான் இரண்டாவது கட்டிலில் ஆள் படுக்கப்போகிறது என்று வீட்டுக்கார அம்மா என்னிடம் சொன்னார். அன்றிரவு அந்தக் கட்டிலில் எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

மறுநாள் கைல் துறைக்கு ரயிலில் போனோம். ஸ்கை படகு அங்கிருந்துதான். "நீர் போயிட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டு இறங்குதுறையிலேயே நின்றார். திரும்பி வந்ததும் மலை எப்படி, ஊர் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. "அங்க இருந்து பாக்க நான் தெரிஞ்சனானோ?" என்றுதான் கேட்டார். கடல்மேல் பனிப்புகார் மூடியிருந்தது. "இல்லை அண்ணை" என்றேன். "பறவாயில்லை" என்று சொல்லிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். அந்த ஒரு சொல் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

பிறகு அங்கே பாலம் போட்டுப் படகை நிறுத்தினார்கள். "இனிப் படகே இல்லை, நேர்த்தியும் தானாய்ப் போச்சு" என்றேன். "படகு இல்லாட்டி என்ன, அக்கரை அங்கதானே இருக்கு" என்றார்.

அக்காவின் தாயார் போன வருடம் காலமானார். அதன்பின்தான் விசாவுக்குப் போட முடிந்தது. ஆனால் அக்கா லண்டன் வந்திறங்கியது செத்தவீட்டுக்கு. ஸ்கை தீவுக் கரையில் அஸ்தி கரைக்க அவரும் வருவதாகச் சொன்னபோது, "பொம்பிளையள் அதுக்குப் போறேல்லை" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அக்கா சத்தம் போடவில்லை. "நேர்த்தி வைச்சது அவர். முடிக்கிறது நான் வந்தால்தானே? நான் வந்திட்டன். இனி அவர் அங்கால போகலாம்" என்றார்.

முந்தாநாள் பஸ்ஸில் பாலம் கடந்தோம். அஸ்திக் கலசத்தை அக்கா மடியிலேயே வைத்திருந்தார். தீவின் கரையில் இறங்கியதும், "அவர் எங்க நிண்டவர்?" என்று கேட்டார். எதிர்க்கரையின் இறங்குதுறையைக் காட்டினேன். வெயில் எறித்தது, புகார் இல்லை. அங்கே ஒருவரும் நிற்கவில்லை. அக்கா நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு கலசத்தோடு தண்ணீரில் இறங்கினார்.

அண்ணை, இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நீங்கள் நின்ற இடம் நன்றாகத் தெரிகிறது. அக்காவும் பார்த்துவிட்டார். போய் வாருங்கள்.