உள்ளேன் அம்மா

எனக்கு ஒரு திறமை உண்டு. யார் பேச்சானாலும் இரண்டு நாள் கேட்டால் போதும், அதே குரலில் திருப்பிப் பேசிவிடுவேன். வீட்டில் இதற்காக உதை வாங்கியிருக்கிறேன். கல்லூரியில் முதல் வருஷம் இதுதான் எனக்குச் சோறு போட்டது. கேன்டீனில் ஐந்து பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தர் தட்டிலிருந்து இன்னொருத்தர் பிடுங்கித் தின்கிற சோறு. அதற்காக என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நல்லவள் மாதிரி சொல்ல வராது.

நான் பெங்களூரில், ஈஜிபுராவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான கையோடு குடியாத்தத்திலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வந்த அப்பா, கம்பெனி கேப் ஓட்டுகிறார். ஒரே அறை, அதற்குள்ளேயே சமையல். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என் படிப்பு. பக்கத்துப் பேட்டை கோரமங்களா. ஒரு ரோட்டைத் தாண்டினால் போதும், நாய்க்குக்கூடச் சட்டை போட்டிருப்பார்கள். கல்லூரியில் முதல் நாள் வீடு எங்கே என்று கேட்டபோது, "கோரமங்களா" என்றேன். எங்கள் தெருப் பிள்ளைகள் பலரும் சொல்கிற பொய்தான் அது. யாராவது காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றால், கோரமங்களாவில் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் இறங்கிக்கொண்டு, கார் மறையும்வரை கையாட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்து போவேன். அந்த வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

வகுப்பில் அறுபது பேர். காலை எட்டரைக்கு வருகிற மேடம் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். தலையையும் தூக்க மாட்டார். நான் முப்பத்தொன்று. முப்பத்திரண்டு என் பக்கத்தில் உட்கார்ந்த பெண். போளூர்ப் பக்கம் ஊர், பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தாள். முதல் நாள் "தர்ட்டி டூ" என்றதும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று சொன்னாள்: "உள்ளேன் அம்மா."

பன்னிரண்டு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, இருந்தாலும் சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி என் தோளைத் தட்டினாள். அவளும் தமிழ்தான். தாத்தா காலத்திலேயே இங்கே அரசு உத்தியோகத்துக்கு வந்த குடும்பம், இப்போது வைட்ஃபீல்டில் கேட் போட்ட அபார்ட்மென்ட். அவளைச் சுற்றி எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள். கல்லூரி சேர்ந்த ஒரே நாளில் அது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஏ, என்ன சொன்னா அவ? தமிழா அது?"

நான் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, அவள் குரலிலேயே, அந்த 'அம்மா'வில் வருகிற இழுப்போடு சொல்லிக்காட்டினேன்.

"அய்யோ, சக்கத்தா, சூப்பரா பண்றியே! மச்சா, இவள பாருங்கடா. இன்னொரு தடவ பண்ணு, ப்ளீஸ்."

இன்னொரு தடவை செய்தேன். ஐந்தாவது வரை ஈஜிபுராவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் நானும் கையைக் கட்டிக்கொண்டு "உள்ளேன் டீச்சர்" சொன்னவள்தான். அதை நான் வாய்விடவில்லை. முப்பத்திரண்டும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். "அப்படியே என் குரலு. எப்படி உனக்கு வருது?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். அவளுக்கு அது பாராட்டாகவே பட்டிருக்க வேண்டும்.

வைட்ஃபீல்டிலிருந்து வருகிறவள் டிராபிக்கைத் தாண்டி எட்டரை மணி வகுப்புக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. மற்ற மூன்று பேருக்கும் எழுந்திருக்கவே மனசு வராது. எங்கள் கல்லூரியில் ஒரு ஏற்பாடு உண்டு. முதல் வகுப்பில் ஆப்சென்ட் என்றால் பதினொரு மணிக்குள் அப்பாவின் போனுக்கு மெசேஜ் போய்விடும். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் அப்பாவுக்கு இங்கிலீஷ் மெசேஜ் வந்தால் என்னிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவர்கள் அப்பாக்கள் அப்படியில்லை. ஆகவே நான் நான்கு பேருக்கும் ப்ராக்ஸி கொடுத்தேன், அவரவர் நம்பருக்கு அவரவர் குரலில். பையன் குரல்கூட, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொடுத்துவிடுவேன். ஒரே மாதத்தில் எனக்குப் பின் பெஞ்சில் இடம் வந்துவிட்டது. பத்தரைக்கு வந்து சேர்கிறவர்கள் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருவார்கள். அந்தத் தட்டுக்காக நான் காலையில் ஏழு மணிக்கே பஸ் ஏறினேன்.

முப்பத்திரண்டை அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். என் வீட்டை அவள் ஒருத்திக்குத்தான் காட்ட முடிந்தது. அவள் முன்னால் எனக்கு வெட்கம் வரவில்லை. நாம் மதிக்காதவர்கள் முன்னால் வெட்கம் எதற்கு? அம்மா வைத்த மீன் குழம்பை மூன்று முறை ஊற்றிக்கொண்டாள். அவள் அப்பா ஊரில் மாவு மில் வைத்திருந்தார். அத்தை வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தான். "ஒரு வருசம் போ, பாக்கலாம். முடியலன்னா ஒரு போன் போடு, வந்து கூட்டிக்கினு போயிடறேன்" என்று சொல்லித்தான் அவர் அனுப்பியிருந்தார்.

"காய்ச்சல்னு சொன்னாக்கூட வண்டி புடிச்சு வந்துடுவாரு. அப்புறம் திருப்பி அனுப்ப மாட்டாரு. இங்க இருந்து நான் போனா, அவ்ளோதான்" என்றாள் அம்மாவிடம். அம்மா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். பின் பெஞ்சுக்குப் போனபிறகு அவளை நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதிசயமாகப் பின் பெஞ்சு முழுதும் அன்று எட்டரைக்கே வந்திருந்தது. "தர்ட்டி டூ" என்று மேடம் கூப்பிட்டதும், வைட்ஃபீல்டுக்காரி என் விலாவில் இடித்தாள். "குடுடி, அவ வாய்ஸ்ல குடு." நான் கொடுத்தேன். மேடம் டிக் அடித்தார். நான்கு பேரும் டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

மறுநாளும் அவள் வரவில்லை. மறுநாளும் கொடுத்தேன். அன்று மதியம் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது: "ஜுரம். நாளைக்கு வந்துடுவேன். நோட்ஸ் வேணும்." நான் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். புதன்கிழமை இரண்டு முறை போன் செய்தாள். கேன்டீனில் இருந்தோம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் எப்படி "நோட்ஸு" என்று சொல்வாள் என்பதைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். அவள் தங்கியிருந்த பி.ஜி., கேன்டீனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. நான் போகவில்லை. மறந்துபோய்விட்டது என்று சொன்னால் பொய். தினமும் காலையில் அவள் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் அவள் நன்றாக இருப்பதாகவே சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவள் போன் எடுக்காமல் போக, அவர் கல்லூரி ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்து, தினமும் வருகிறாள், இன்று காலையும் வகுப்பில் இருந்தாள் என்று சொல்லிவிட்டார்கள். மெசேஜும் ஒன்றும் வரவில்லையே என்று மனுஷர் நிம்மதியாக மில்லுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தவளைப் பி.ஜி. ஆயா பார்த்திருக்கிறாள். டெங்கு. ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மறுவாரம் திங்கள், செவ்வாயும் நான் கொடுத்தேன்.

புதன்கிழமைதான் வகுப்பு குரூப்பில் செய்தி வந்தது. 'கெட் வெல் சூன்' என்று ஆளுக்கொரு பூங்கொத்து. நானும் ஒன்று போட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

அவள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். துறைத் தலைவர் அவரை நேரே எங்கள் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு வந்தார். குள்ளமான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குளித்துவிட்டுத்தான் வந்திருப்பார், ஆனாலும் காது மடலின் மயிரில் மாவு ஒட்டியிருந்தது.

"இவர் பெண் ஐ.சி.யு.வில் இருந்த அன்று காலை, இந்த வகுப்பிலும் இருந்திருக்கிறாள். யார் குரல் கொடுத்தது? மரியாதையாக எழுந்து நில்லுங்கள்" என்றார் தலைவர், இங்கிலீஷில்.

யாரும் அசையவில்லை. யார் என்று அறுபது பேருக்கும் தெரியும். முன் பெஞ்சில் எப்போதும் முதலாவதாக வருகிறவன், என்னோடு ஒரு வார்த்தை பேசியிராதவன், அவன்கூட நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டெஸ்க்குக்கு அடியில் வைட்ஃபீல்டுக்காரி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நாங்கள் இருக்கிறோம் என்கிற மாதிரி அழுத்தம். எழுதவே கூசுகிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வகுப்பே எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை.

தலைவர் திட்டிவிட்டுப் போனார். அவள் அப்பா மட்டும் வாசலில் நின்றார். கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டார்.

"ஈஜிபுராவுல இருக்கிற பொண்ணு யாரும்மா? பேரு மறந்துட்டேன். ஈஜிபுரா பொண்ணு, ஈஜிபுரா பொண்ணுன்னுதான் சொல்லும். அவங்க வூட்ல இதுக்கு சோறெல்லாம் போட்டாங்களாம். ஒருதரம் பாத்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் என் பேனாவைப் பார்த்தேன்.

"இல்ல அங்கிள். இந்த கிளாஸ்ல ஈஜிபுராலேர்ந்து யாருமே இல்ல" என்றாள் வைட்ஃபீல்டுக்காரி, மரியாதையாக எழுந்து நின்று. என் கையை இன்னும் விடவில்லை.

"அப்ப வேற கிளாஸு போல" என்றார். பக்கத்து வகுப்பு வாசலில் போய் அவர் அதையே கேட்பது எங்களுக்குக் கேட்டது. அதற்கடுத்த வகுப்பிலும் கேட்டார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கிப்போகும்வரை நான் நகரவில்லை. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். கால்கள் நன்றாகத்தான் இருந்தன.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளுடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"ஈஜிபுரா பொண்ணு யாருமே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு அப்பா வந்து சொன்னாரு. நீ அங்கதான் உக்காந்துருந்திருப்ப, எனக்குத் தெரியும். என் குரலு உனக்கு மட்டும்தான் வரும், அதுவும் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா உன்ன அங்கிருந்து அனுப்பிடுவாங்க. என்ன மாதிரி நீயும் எதுக்குத் திரும்பிப் போவணும்? நீ அவங்களோடவே இரு."

குரல் கட்டி, மூச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. இழுப்பு போயிருந்தது. கோரமங்களா ஸ்டாப்பில் இறங்கி நடக்கும்போது, பழக்கதோஷத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அந்தக் குரல் வரவில்லை.

மறுநாள் எட்டரைக்கு மேடம் அட்டென்டன்ஸ் எடுத்தார். முப்பத்தொன்றுக்கு "யெஸ் மேம்" என்றேன். அடுத்து முப்பத்து மூன்றைக் கூப்பிட்டார். பத்தரை மணிக்கு வைட்ஃபீல்டுக்காரி வந்து என் தலையில் தட்டிவிட்டு, "தள்ளி உக்காருடி கோரமங்களா" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். மூன்று வருஷமும் அவர்களோடுதான் இருந்தேன்.