வண்டியின் பின்பாதி

குடியிருப்பில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு வேலை மட்டும் காரணமில்லை. கீழே பார்க்கிங்கில் யாருடைய வண்டி முனகினாலும், படியிறங்கி வரும்போதே, பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கார் வாங்கிய புதிதில். ஒருநாள் நடுரோட்டில் பானெட்டிலிருந்து புசுபுசுவென்று ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் கிளிப் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆறவிட்டு, குழாயைச் செருகி, கையிலிருந்த சில்லறைக் காசாலேயே கிளிப் திருகை முறுக்கி, பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குக் கவிழ்ந்தவள்தான். ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது, பிளக் கழற்றித் துடைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். விடுமுறை நாளில் அவளைத் தேடுகிறவர்கள் முதலில் காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைத்தான் தேடுவார்கள்.

கணவன் பஸ் டிரைவர். வாரம் முழுக்க ஊரைச் சுமந்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டு வண்டியின் சாவியைக்கூடத் தொடமாட்டான். பின்சீட்டில் மாமியார், அவர் மடியில் சாய்ந்தபடி மகள், முன்னால் அவளும் அவனும். இதுதான் அந்த வீட்டு உட்காரும் வரிசை. அவள் ஓட்டுவாள், அவன் தூங்குவான்.

கொஞ்ச காலம் பழுது பார்த்ததில் கை அடங்கவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை இன்னும் நன்றாக ஓடவைக்க முடியுமா என்று தோன்ற ஆரம்பித்தது. காற்று தாராளமாகப் போகிற ஃபில்டர் போட்டாள். புகைக்குழாயை அகலமானதாக மாற்றினாள். கடைசியாக, ஒரு லேப்டாப்பும் ஒயரும் இரவல் வாங்கி வந்து, என்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றி எழுதினாள். அடுத்த நாள் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வண்டி கட்டை அவிழ்த்துவிட்ட காளை மாதிரி பாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவன் திடுக்கிட்டு விழித்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தான். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தொல்லை அதற்கப்புறம்தான் தொடங்கியது. வேகமாகக் கிளப்பும்போது வண்டியின் நடுவயிற்றிலிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கக் கொண்டுபோனாள். அங்கே சரியாக்கிக் கொடுத்தது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. என்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினாள். புகைக்குழாயின் கொக்கிகளைப் பார்த்தாள். சஸ்பென்ஷன் புஷ்ஷெல்லாம் புதிதாகப் போட்டாள். சத்தம் போகவில்லை, இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் மாமியார் மட்டும் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் திரும்பின அப்புறம்தாம்மா நான் திரும்பறேன்."

பின்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் அத்தை என்று அவள் சொல்லிவிட்டாள். மகனும் சிரித்தான். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். அந்த வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டு அவர் வரத் தாமதமானால், பாட்டி இன்னும் திரும்பவில்லை என்று பேத்தியே கேலி செய்வாள்.

ஒருவாரம் விடாமல் மழை. வண்டிக்குள் ஊறிய துணி நாற்றம். பின்சீட்டுக்கு முன்னால் காலை வைத்தால் தரைவிரிப்பு சளக் சளக்கென்றது. கதவு ரப்பரில் ஓட்டை இருக்கும் என்று நினைத்து, ஒரு விடுமுறை நாள் மதியம் வேலையில் இறங்கினாள். பின்சீட்டை மொத்தமாகக் கழற்றி, கணவனும் அவளுமாக மாடிக்குத் தூக்கிப்போய் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் போட்டார்கள். மகள் அதில் ஏறி உட்கார்ந்து டீவி பார்க்கத் தொடங்கிவிட்டாள். எக்ஸ்ரே அக்கா மட்டும் கீழே இறங்கி, முன்சீட்டுகளையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு விரிப்பை உரித்தாள்.

அடியில் சத்தத்தை அடக்கும் தார் அட்டை. அது முன்னால் பழசாகவும், நடுவில் ஒரு முழ அகலத்துக்குப் புதுசாகவும் இருந்தது. அந்தப் புதுத் துண்டைச் சுரண்டி எடுத்தாள். கீழே வழவழவென்று, நசுங்கிய இடத்தை நிரப்பி மறைக்கிற பட்டி. வண்டியின் தரையில் பட்டிக்கு என்ன வேலை என்று ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினாள். பொல பொலவென்று உதிர்ந்தது.

உதிர்ந்த இடத்தில் ஒரு கோடு. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும், தரைக்குக் குறுக்கே, கொப்புளம் கொப்புளமாக வெல்டிங் வைத்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தகரம் வெள்ளை. அந்தப் பக்கம் சாம்பல். ஒரு கோடியில் வெல்டிங் விட்டுப்போய் வாய் பிளந்திருந்தது. அதில் ஸ்குரூ டிரைவரை வைத்தாள். பிடிவரைக்கும் உள்ளே போனது. குனிந்து பார்த்தாள். பிளவு வழியே பார்க்கிங்கின் சிமெண்டுத் தரையும், அதில் ஒரு காய்ந்த இலையும் தெரிந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது தலைக்குத்தான், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. கதவுக்குக் கீழேயுள்ள சட்டத்தைச் சுரண்டினாள், அங்கேயும் அதே கோடு. கூரையைத் தாங்கும் தூணின் உறையைக் கழற்றினாள், அங்கேயும். இது ஒரு கார் இல்லை. ஒரு காரின் முன்பாதியையும் இன்னொரு காரின் பின்பாதியையும் அறுத்து ஒட்டி, மேலே ஒரே நிறம் பூசி, பளபளவென்று துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஐந்து வருஷமாகத் துடைத்துத் துடைத்து அதைப் பளபளப்பாகவே வைத்திருந்தாள்.

நாள் முழுக்க முறிந்த எலும்பைப் பார்க்கிற கண் அவளுடையது. மயிரிழை விரிசலைக்கூட டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் இது இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

அப்புறம்தான் அந்த ஞாபகம் வந்தது. பத்து நாளைக்கு முன்னால், புதுக் கணக்கு எழுதிய என்ஜின் எவ்வளவு போகிறது பார்க்கலாம் என்று, காலியாகக் கிடந்த நெடுஞ்சாலையில் அவள் மிதித்த மிதி. பின்னால் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் கிரீச் என்றது. பாட்டுச் சத்தத்தை ஏற்றிவைத்து இன்னும் மிதித்தாள். அவள் ஏற்றிய ஒவ்வொரு குதிரைச் சக்தியும் இந்தக் கோட்டைத்தான் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கணவன் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் வண்டிக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டான். வண்டிக்குள் கையைக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். பிளவில் விரலை விட்டான். விரல் அந்தப் பக்கம் போனதும் சுட்டதுபோல வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"இதுலயா நம்ம பிள்ளைய வச்சு ஓட்டினோம்?" என்றான் கடைசியில்.

அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. தினமும் ஐம்பது அறுபது பேர் உயிரை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டுகிறவன், முகம் சாம்பல் பூத்துப்போய், அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மாமியாருக்கு மாடியில் வைத்துச் சொன்னார்கள். நான் அப்பவே சொன்னேனே என்று பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ எழுந்துபோய் பேத்தியின் தலையைத் தடவினார். 

வண்டியை விற்ற இடத்துக்கு மறுநாளே இருவரும் போனார்கள். பழைய கார்கள் நின்ற முற்றத்தில் இப்போது சோபா விற்றுக்கொண்டிருந்தார்கள். முந்தையவரைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் ஒரு வாகன ஆய்வாளரை அனுப்பியது. பேச்சு குறைவான மனிதர். டார்ச்சை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட் பெல்ட்டுகளின் அடியில் தைத்திருந்த துணிச் சீட்டைப் புரட்டிக் காட்டினார். முன்பெல்ட் ஒரு வருஷம் செய்தது, பின்பெல்ட் மூன்று வருஷம் கழித்துச் செய்தது. காகிதமெல்லாம் முன்பாதிக்கு உரியது. அந்தக் காரை லாரி ஒன்று பின்னாலிருந்து நசுக்கியிருந்தது. பின்பாதியின் எண்களை ராவி அழித்திருந்தார்கள். ஆனால் பின்கண்ணாடியின் மூலையில் எறும்பு அளவில் பொறித்த எண்ணை மறந்துவிட்டார்கள். அதை அவர் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். சங்கீத டீச்சர், அவள் வயதுதான் இருக்கும். பின்பாதி அவளுடைய காரைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். பார்க்கலாமா என்று போனில் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல எக்ஸ்ரே அக்காவுக்கு வாய் வரவில்லை. ஆனால் அதற்குள் வண்டியைச் சாட்சிப்பொருளாகப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பின்சீட்டு மட்டும் ஹாலிலேயே கிடந்தது. அதை எடுத்துப்போக வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

டீச்சர் உள்ளே வந்தவள், சீட்டைப் பார்த்ததும் வாசற்படிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல வந்து அதன் ஓரத்தைத் தொட்டாள். பேச்சு நிதானமாகத்தான் வந்தது. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தானாம். எதிரே வந்த வண்டி தடம் மாறி நேராக மோதியதாம். முன்பக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. பின்னால் அவளும் கைக்குழந்தையும் ஒரு கீறல் இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

"காரை நொறுக்கிட்டோம்னு இன்சூரன்ஸ்ல சொன்னாங்க. நானும் அப்படியேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் இந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்டாள். மகள் வலது ஓரத்தைக் காட்டினாள்.

"என் பையனும் அங்கதான் இருந்தான்."

எக்ஸ்ரே அக்கா, தாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்கிற கோபத்தை மட்டும் அத்தனை நாளும் வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தகரம் எங்கேயிருந்து வந்தது, அதில் யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். திரும்பி வந்தபோது டீச்சரும் மாமியாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் போகும்போது சீட்டைக் கேட்கவில்லை. இவர்களும் கொடுக்கிறோம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் போலீஸ்காரர் ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் முழுக்க அவள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். ஸ்பானர் பெட்டி கட்டிலுக்கு அடியில் தூசி படிந்தது. பார்க்கிங்கில் வண்டி முனகினால் காதில் விழாததுபோலப் போய்விடுவாள். எக்ஸ்ரே அக்காவுக்கு என்ன வந்தது என்று கீழ்வீட்டுக்காரர் கணவனிடம் கேட்டாராம்.

மறுபடி அந்தப் பெட்டியைத் திறக்கவைத்தது அவள் கூட வேலை பார்க்கும் நர்ஸ். பழைய கார் வாங்கப் போகிறேன், கூட வாருங்கள் என்றாள். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். நர்ஸுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்பது ஞாபகம் வந்ததும் போனாள். போனவள் பானெட்டைத் தொடவே இல்லை. நேராகப் பின்கதவைத் திறந்து விரிப்பைப் பிடித்து உரித்தாள். கடைக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். தரை முழுசாக, ஒரே நிறமாக இருந்தது. அவள் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொள் என்றாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் யார் வண்டி வாங்கினாலும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். தனக்கும் ஒன்று அப்படித்தான் வாங்கினாள். அதன் என்ஜினைக் கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே வைத்திருக்கிறாள்.

வண்டி விற்றவன் வேறு ஊரில் அகப்பட்டான். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. சாட்சி சொல்ல அவளை அழைத்த நாளில், கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் கேட்க வேண்டியதையெல்லாம் வருஷக்கணக்காக மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். அவன்தான் முதலில் பேசினான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி, மரியாதையாக.

"நீங்களும் நம்ம கேஸ்தானாம்மா? உங்களுது எந்த வண்டி?"

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் வராந்தாவைப் பார்த்தாள். பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், தோளில் பையோடு ஒரு கல்லூரிப் பெண். எல்லோரும் அவனிடம் வண்டி வாங்கியவர்கள், கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். கணவன் எழுந்து வந்து, அவளுக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.