ஓடையோரம் கழிக்காமல் விட்ட மரங்கள்

நாகலூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் கம்பளி, கையில் அரிவாள். அன்று காலையில்தான் காப்பி எஸ்டேட்டில் என் சீட்டைக் கிழித்தார்கள். வேலை போவது எனக்குப் புதிதில்லை. சொன்ன காரணம்தான் வழியெல்லாம் அறுத்தது.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. செடிக்கு வெளிச்சம் போதவில்லை என்று நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கச் சொன்னார் துரை. மேற்குச் சரிவை நான்தான் கழித்தேன். பிறகு அங்கே காப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படிந்து, இலை கொட்டியது. நான் கழித்ததால்தான் நோய் வந்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன். "மழையாலதானுங்க வெட்டச் சொன்னீங்க. பொடியும் அதே மழையால வந்திருக்கலாமுங்களே?"

"மழைக்குச் சீட்டுக் கிழிக்க முடியுமா கண்ணு? உனக்குத்தான் முடியும்."

முந்தின எஸ்டேட்டிலும் எனக்கு இதே பழிதான். அரிவாளா, மழையா என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. அதனால் ஓடையோரம் சில மரங்களைத் தொடாமல் விட்டிருந்தேன். அங்கேயும் பொடி வந்தால் அரிவாள் மேல் குற்றமில்லை. சொன்னால் வெட்டச் சொல்வார்களே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்புறம் காய்ச்சலில், கூலியாட்கள் தங்கும் லயத்தில் விழுந்து கிடந்தேன்.

"வாங்க, காட்டுறேன்" என்று சீட்டுக் கிழித்த கையோடு மேஸ்திரியை ஓடைக்கு இழுத்துப் போனேன். ஒரு மரத்திலும் கிளை இல்லை. கீழே செடியெல்லாம் மஞ்சள் பொடி.

கூட வேலை செய்தவன் சிரித்தபடி வந்தான். "ஏனுங்கண்ணா, நீங்க படுத்துக் கெடந்தீங்க. மிச்சம் வெச்சா நொம்பத் திட்டு உழுகுமேன்னு நாங்கதானுங்க ஏறி வெட்டுனோம்."

"பொடி அதுக்கு முந்தி வந்துச்சா, பிந்தியா?"

"அதை யாருங்க பாத்தா?"

அவனைத் திட்டவும் முடியவில்லை. அதே மழையை, அதே சரிவை இன்னொரு தடவை யார் எனக்குத் தரப்போகிறார்கள்? மாரமங்கலம் போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலையில் அங்கே ஒரு விவசாயி என் அரிவாளைப் பார்த்தார். காப்பித் தோட்டத்து மரங்களுக்குக் கிளை கழிக்க ஆள் வேண்டுமாம். கூலி குறைவு, படுக்க மாட்டுக் கொட்டகை.

"கூட ஒத்தாசைக்கு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, நீங்க ஒருத்தருதான்."

அப்படியானால் சரி என்று கம்பளியை இறக்கி வைத்தேன்.