எட்டுத் தூண்களும் ஒரு சந்தும்

எங்கள் ஊர்ப் பழைய தியேட்டரின் முகப்பில் எட்டுத் தூண்கள். ஏறுவதற்குப் பதினொரு படிகள். பால்கனியில் ஐந்து ஜன்னல்கள். நடுவில் இருப்பது மற்றவற்றைவிட ஒரு சாண் கூடுதல் அகலம். இப்போது போய்ப் பார்த்துவிட்டு இதைச் சொல்லவில்லை. தியேட்டரை மூடிப் பல வருடமாகிறது, முகப்பை விளம்பரத் தட்டிகள் மறைத்துவிட்டன. நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். எருமப்பட்டிப் பக்கம் வெயிலில் அலைந்து கிணறுகளைக் கணக்கெடுத்திருக்கிறேன். எண்ணியது எனக்கு மறப்பதில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஓவியர் என்னைத் தேடி வந்தார். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சேலத்தின் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகப் போஸ்டராக வரைகிறார். இந்த முறை தியேட்டர். அந்தக் காலத்துச் சினிமா போஸ்டரைப் போலவே மஞ்சளும் கருஞ்சிவப்புமாகத் தீட்டி, தியேட்டரையே கதாநாயகனாக நிறுத்தியிருந்தார். அதன் காலடியில் கூட்டம், சைக்கிள்கள், முறுக்குக்காரர்.

“தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். நாளைக்கு நாலு மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போகுது. அச்சாகிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.”

அச்சாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு மதியத் தூக்கம் போய்விடும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிகள் ஒன்பதுதான் இருந்தன; பதினொன்றாகத் திருத்தச் சொன்னேன். நடு ஜன்னலை அகலமாக்கச் சொன்னேன். தூண்கள் சரி. கூட்டத்தில் தலைகளைக்கூட எண்ணினேன், நாற்பத்து மூன்று. மாலையில் திருத்திய படம் வந்தது. மறுபடியும் எண்ணிவிட்டு, ஓரத்தில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஒரு நகலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் மனைவி அப்போது ஊரில் இல்லை. திருச்செங்கோட்டில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தவள் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே படத்தை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு எதையோ தேட ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, இதுல பொம்பளைங்க எங்கீங்க?”

“கூட்டத்துல இருப்பாங்க, பாரு.”

“நீங்க பாருங்க. எண்ணறதுதான் உங்களுக்குப் பொழப்பாச்சே.”

எண்ணினேன். நாற்பத்து மூன்றும் ஆண்கள். இரண்டு முறை எண்ணியபோது அது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“எங்க சந்தும் இல்ல” என்றாள். “இது உங்க தியேட்டருங்க. எங்க தியேட்டரு இல்ல.”

முகப்பின் இடது பக்கம், தியேட்டர் சுவரை ஒட்டி ஒரு சந்து இருந்தது. மேலே தகரக் கூரை, பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் கம்பித் தடுப்பு. பெண்கள் டிக்கெட் வாங்கும் வழி அதுதான். ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அந்த வரிசை சீக்கிரம் நகரும் என்பதால், பெண்டாட்டியோடு வந்தவர்கள் எல்லாரும் அவளைச் சந்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

“சாமி, நான் உள்ள நசுங்கி நின்னு ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டு வருவேன். அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணீங்க? படிய எண்ணுனீங்க, தூண எண்ணுனீங்க. உங்க கணக்கெல்லாம் நான் நின்ன நேரத்துல போட்டதுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் படத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. மணி பத்தே முக்கால். பிரஸ்ஸுக்குப் போக ஐந்தேகால் மணி நேரம் இருந்தது. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நானே தவறு என்று சொல்ல வேண்டும். போனை எடுத்து இரண்டு முறை வைத்துவிட்டு, மூன்றாம் முறை பேசினேன்.

ஓவியர் உடனே வந்துவிட்டார். “எனக்குக் கிடைச்ச போட்டோ எல்லாமே முன்பக்கம்தாம்மா. இப்படி ஒரு சந்து இருந்ததே தெரியாது. எப்படி இருக்கும், சொல்லுங்க.”

நான் வழக்கம்போல் குறுக்கே புகுந்தேன். “அகலம் எத்தனை அடி? கம்பி எத்தனை?”

“கம்பிய யாருங்க எண்ணுனா? புழுக்கம் தாங்க முடியாது. கவுண்டர்ல ஒரு கை போற அளவுக்குத்தான் ஓட்டை. வளையலோட கைய விட்டா ரெண்டு ஒடைஞ்சுதான் வெளிய வரும். அதனால கழட்டிப் பின்னால நிக்கறவங்க கையில குடுத்துடுவோம். யாரு எவருன்னு தெரியாது. டிக்கெட்ட வாங்கிட்டுத் திரும்பி வளையல வாங்கிக்குவோம். அப்புறம் அவங்களுது எங்கிட்ட வரும்.”

“ஒருத்தர்கூட எடுத்துட்டுப் போகலியாம்மா?”

“படம் பார்க்க வந்தவ வளையல எடுத்துட்டு எங்க கண்ணு போவா?”

செய்து காட்டச் சொன்னார் ஓவியர். மனைவி சமையலறை ஜன்னல் பக்கம் போனாள். வலது கை வளையல்களைக் கழற்றினாள். திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். பின்னால் நான்தான் நின்றிருந்தேன். வாங்கிக்கொண்டேன். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, இல்லாத ஆளிடம் “ரெண்டு குடுங்க” என்றாள். ஓவியர் நின்றபடியே வரைந்தார். அவர் வரைந்து முடிக்கும்வரை வளையல்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வளையல் ஆறு. இன்னும் சூடாக இருந்தன.

“ஒரு சிக்கல் சார்” என்றார் ஓவியர், படத்தை நிமிர்த்திப் பார்த்தபடி. “சந்த முன்னால கொண்டுவந்தா இடது பக்கத்துத் தூண் ரெண்டு கூரைக்குப் பின்னால மறைஞ்சிடும். எட்டு தெரியாது, ஆறுதான்.”

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எட்டு எட்டுதான், ஆறு என்று அச்சாகிவிட்டால் பார்க்கிறவர்கள் ஆறென்றே நம்பிவிடுவார்கள்.

“மறையட்டும்” என்றேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. என் கையெழுத்துக்குக் கீழே மனைவியும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அடுத்த வாரம் கண்காட்சியில் அந்தப் போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சந்தில் பதினேழு பெண்கள். முதலில் நிற்பவளின் வெறும் கை ஓட்டைக்குள் போயிருந்தது. அடுத்தவளின் விரல்களில் வளையல்கள். போஸ்டருக்கு எதிரே என் மனைவி வெகுநேரம் நின்றாள். அவளுக்கு முட்டி வலிக்குமே என்று நான் நாற்காலி தேடிக்கொண்டிருந்தபோது, என் வயதுக்காரர் ஒருவர் அருகில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, இதுக்கு எட்டுத் தூணுங்களே? ஆறுதான் போட்டிருக்காங்க.”

இன்னொருவரும் எண்ணியிருக்கிறாரே என்று எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

“எட்டுத்தாங்க” என்றேன். “மீதி ரெண்டும் அந்தச் சந்துக்குப் பின்னால இருக்குது.”