ஜன்னலுக்குக் கீழே அடுக்கிய சாமான்கள்

காரில் சாமான் ஏற்றுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாரமானது கீழே, பின்சீட்டின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். இலேசானது மேலே. உருளக்கூடியதற்கு உருள இடம் விடக் கூடாது. பின்கண்ணாடி வழியாக ரோடு தெரிய வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் என் பிடரியில் வந்து விழக்கூடிய எதுவும் சீட்டின் உயரத்தைத் தாண்டி இருக்கக் கூடாது. வேன் நிறையப் பலாக்காயை ஏற்றி, அதற்கு மேல் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் பெல்ட் போட்டுத்தான் கூட்டி வருகிறேன் என்று ஆபீசில் என்னைக் கிண்டல் செய்வார்கள். அது பொய்யில்லை. சீட்டில் ஒருமுறை மீன்குழம்பு கொட்டினால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

தங்கையை இரத்தோட்டையிலிருந்து கூட்டி வரப் போனது ஒரு ஆடி மாதம். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்களுக்குள் வழக்கம். அதனால் ஊரில் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அம்மாவுக்கும் அதுதான் வசதியாக இருந்தது. புருஷன் அடிக்கிறார் என்று தங்கை போனில் மூன்று தடவை அம்மாவிடம் சொல்லியிருந்தாள். புதுசில் அப்படித்தான் இருக்கும், அனுசரித்துப் போ என்று மூன்று தடவையும் அம்மா சொல்லியிருந்தார்.

"ஒரு மாசம் இங்க இருக்கட்டும். அவருக்கும் கோவம் ஆறிரும். ஆடி முடிஞ்சதும் நாமளே கொண்டு போய் விட்டுருவோம்" என்பது அம்மாவின் திட்டம்.

தங்கையின் திட்டம் வேறு. முந்தின நாள் எனக்குப் போன் எடுத்தாள். "டிக்கியக் காலி பண்ணிட்டு வாக்கா. நான் திரும்பி வரப் போறதில்ல. அம்மாகிட்ட இப்ப சொல்லாத."

எனக்குப் பயமாக இருந்தது. சாமானோடு வந்து இறங்கினால் அம்மா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஊர் என்ன பேசும் என்று இரண்டு நாள் அழுவார், மூன்றாம் நாள் அதே சாமானை ஏற்றி அவளைத் திருப்பி அனுப்புவார். ஆனாலும் டிக்கியைக் காலி செய்தேன். பின்சீட்டையும் துடைத்து வைத்தேன்.

அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு இரத்தோட்டை பஜாருக்குப் பின்னால். அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த சாமானை மட்டும் எடுப்பது என்று தங்கை முடிவு செய்து வைத்திருந்தாள். தையல் மெஷின், ரைஸ் குக்கர், குத்துவிளக்கு, பித்தளை அண்டா, இரண்டு சூட்கேஸ், அவளுடைய புத்தகப் பெட்டி. காஸ் சிலிண்டரும் எங்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்ததுதான். ஆட்கள் இருக்கிற காருக்குள் சிலிண்டரை ஏற்ற மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

"அது கெடக்கட்டும். அவரு தேத்தண்ணி வச்சுக் குடிக்கட்டும்" என்றாள்.

மெஷினின் இரும்புத் தலையைக் கழற்றி டிக்கியின் அடியில் சீட்டோடு சேர்த்து வைத்தேன். கால்பெடலும் பலகையும் அதற்குப் பக்கத்தில் படுத்தன. அண்டாவுக்குள் குக்கர், குக்கருக்குள் துணி சுற்றிய குத்துவிளக்கு. சூட்கேஸ்கள் பின்சீட்டுக்கு முன்னால் காலடியில் போயின. புத்தகப் பெட்டியைச் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படுக்கை விரிப்பு. முடித்துவிட்டு ரோட்டில் நின்று பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. அக்காவும் தங்கையும் ஒரு கைப்பையோடு ஆடிக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். பாதுகாப்புக்கு நான் வைத்திருந்த விதி ரகசியத்துக்கும் பொருந்திப் போனதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

இவ்வளவு பாரம் ஏற்றினால் பின் டயருக்குக் கூடுதலாகக் காற்று அடிக்க வேண்டும். இரத்தோட்டையில் டயர் கடை அன்று பூட்டியிருந்தது. போகிற வழியில் மாத்தளையில் அடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

பாதி வழியில் கார் இடது பக்கம் இழுத்தது. பிறகு பின்னால் சோற்றுப்பானை உருளுகிற மாதிரி ஒரு சத்தம். அண்டா அசையாது, அதை நான் வைத்த விதம் எனக்குத் தெரியும். அப்படியானால் டயர்தான். மெதுவாக ஓட்டிக்கொண்டே சமதரையைத் தேடினேன். சரிவில் ஜாக் வைத்தால் கார் நழுவும். பஸ் நிற்கிற ஒரு ஹோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் ரோட்டோரம் சமமாக இருந்தது. நிறுத்தி, கைபிரேக் போட்டு, இறங்கிப் பார்த்தேன். இடது பின் டயர் தரையோடு தரையாகப் போயிருந்தது.

"ஸ்பேர் வீல் இருக்கில்ல?" என்றாள் தங்கை.

இருந்தது. டிக்கியின் அடிப்பலகைக்குக் கீழே, மெஷினுக்கும் அண்டாவுக்கும் கால்பெடலுக்கும் கீழே, நன்றாகக் காற்றடித்து இருந்தது.

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் இறக்கினோம். பின்சீட்டுப் பெட்டிகளையும் இறக்கச் சொன்னேன், பாரத்தோடு காரைத் தூக்குவது நல்லதல்ல. ஆடிக் காற்று சும்மா இருக்கவில்லை. முதலில் படுக்கை விரிப்பைத்தான் தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்திப் பிடிக்க யாருக்கும் கை ஒழியவில்லை. புல்லில் மெஷின், பக்கத்தில் அண்டா, அண்டாவுக்குப் பக்கத்தில் சூட்கேஸ்கள். ஒரு குடும்பத்தை அப்படியே ரோட்டில் எடுத்து வைத்தது போல இருந்தது. ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, வீடு மாறுகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று தங்கை சிங்களத்திலேயே சொன்னாள். அவர் முன் டயருக்கு அடை கொடுக்க ஒரு கல்லைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு திருகினால் வீல் சேர்ந்து சுற்றும். மூன்று நட்டு, சாவியைக் கையால் அழுத்தியதுமே இளகி வந்தன. நான்காவது வரவில்லை. சாவியின் மேல் காலை வைத்து ஏறி நின்று அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இரத்தோட்டையிலிருந்து வருகிற பஸ் ஹோல்ட்டில் வந்து நின்றது.

நிறைய ஆட்கள். ஜன்னலில் இருந்த எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பின. நடுவில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம். அலுவிகாரையில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர். சொந்தமில்லை, கூப்பிடுவது அத்தை என்று. அம்மாவும் அவரும் கோயிலுக்கு ஒன்றாகப் போய் வருகிறவர்கள். இன்றைக்குப் பார்த்தா இவர் இரத்தோட்டைக்கு வர வேண்டும் என்று நினைத்தேன்.

அத்தை தலையை வெளியே நீட்டினார். "என்ன புள்ள, ஆடிக்கு அம்மா வீட்டுக்கா?"

"ஆமாத்தை" என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண் அதற்குள் புல்லுக்குப் போய்விட்டது.

"ஆடிக்குப் போறதுக்குத் தையல் மெசினுமா?"

நான் தங்கையைப் பார்த்தேன். ரிப்பேருக்குக் கொண்டு போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு மூன்று பொய் வரிசையாக வந்தது. அவள் கையிலிருந்த குத்துவிளக்கைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனாள்.

"ஆடிக்கு இல்ல அத்தை. அவரு என்னய அடிக்கிறாரு. நான் சாமானோட வந்துட்டேன். இனிப் போக மாட்டேன்."

கத்தவில்லை. காற்றில் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். மடியில் பையை வைத்திருந்த ஒரு பெண் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் அத்தை. குரல் இறங்கியிருந்தது.

"நீங்க போய்ச் சொல்லுங்க. பஸ்தான் எங்களுக்கு முந்திப் போகும்."

கண்டக்டர் மணி அடித்தார். பஸ் போய்விட்டது. எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"பைத்தியமா உனக்கு? அம்மா உள்ளயே விட மாட்டாங்க" என்றேன்.

"விடலன்னா உன் கார்லயே இருந்துக்கிறேன். நட்டக் கழட்டு."

நான்காவது நட்டு வந்தது. ஜாக்கை அதற்குரிய வெட்டில் பொருத்தித் தூக்கினேன். போன டயரை எடுத்து, ஸ்பேரை ஏற்றினேன். நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீல் கோணலாக உட்காரும். என் நினைப்பு பஸ்ஸோடு போயிருந்ததில் வரிசையாக முடுக்கிவிட்டேன். மறுபடி இளக்கி முதலிலிருந்து முடுக்கினேன். பிறகு சாமானை ஏற்றினோம். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் ஜன்னலுக்குக் கீழேயே அடுக்கினேன். பிரேக் பிரேக்தானே.

மாத்தளைக்குள் வழக்கமான நெரிசல். காற்று அடிக்க நிறுத்தியதில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. அலுவிகாரையில் எங்கள் சந்துக்குள் திரும்பியபோது அம்மா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். அத்தை சொல்லிவிட்டார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எதிர்வீட்டிலும் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

தங்கை இறங்கினாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நடுரோட்டுல, பஸ் நெறைய ஆளுகள வச்சுக்கிட்டுத்தான் சொல்லணுமா?"

"வீட்டுல சொன்னேனே. நீங்க கேக்கலயே."

அம்மா கேட்டைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்களே சாமானை இறக்கி முன்னறையில் வைத்தோம். சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே சத்தம் போட்டது. தங்கை சாப்பிடவில்லை. இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் திருப்பி அனுப்புதல் என்று நான் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. தங்கையின் கணவர்தான். அம்மா முன்னறைக்கு வந்து, எங்களுக்கு முன்னால் நின்று பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நெடுநேரம் மாப்பிள்ளைதான் பேசினார்.

"இல்லைங்க மாப்பிள்ள" என்றார் அம்மா. "நீங்க கூட்டிட்டுப் போக வர வேணாம். ஆடி முடிஞ்சும் வர வேணாம். அவ சாமானெல்லாம் வந்துருச்சு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க அடிச்சான்? காட்டு."

தங்கை சட்டையின் இடது கையைத் தோள்வரை ஏற்றினாள். அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.