கிளட்ச் எனக்கு, கியர் அவருக்கு

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. கிளட்ச் இருக்கிற வண்டியா, இல்லாத வண்டியா?

வண்டி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அதில் சண்டை இல்லை. மகள் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டாள். என் கணவர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ரெண்டு பேருக்கு எதுக்கு நாலு கதவு?" என்றார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். தரையோடு தரையாக ஓடும் ரெண்டு சீட்டு வண்டிகளைப் போனில் பார்த்தபடியேதான் தூங்குவார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"சரி, வாங்குவோம். ஆனா கியர் வண்டிதான்" என்றேன்.

எனக்கு வண்டி ஓட்டப் பழக்கியது தோட்டத்து டிராக்டர். கிளட்சை மிதித்து கியரைத் தள்ளும்போது அது 'டக்'கென்று போய் உட்காரும் பாருங்கள், அந்தச் சுகத்துக்காகவே ஓட்டுகிறவள் நான். அவரோ ஆட்டோமேட்டிக் கட்சி. "இப்ப வர்ற ஆட்டோமேட்டிக் நம்மளவிட வேகமா கியர் மாத்தும். பந்தயத்துல ஓட்டுறவனே அதைத்தான் கேக்குறான்" என்பார்.

"அது மாத்துறதுன்னா நான் எதுக்கு? பஸ்ல ஏறி உக்காந்துக்கிறேன்."

மகளுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டோம். "ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவர் தேனியில் இருந்தார். எங்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப்போனது. கொச்சியிலிருந்து ஒன்று, கோயம்புத்தூரிலிருந்து ஒன்று என்று ரெண்டு வண்டிகளை வரவழைத்துவிட்டார். கம்பெனியும் மாடலும் ஒன்றுதான். மஞ்சள் வண்டியில் கியர், நீல வண்டி ஆட்டோமேட்டிக்.

"அக்கா, குமுளி மலைக்கு இதுல ஏறுங்க, அதுல இறங்குங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேனியிலிருந்து கிளம்பினோம். மஞ்சள் வண்டியை நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நீல வண்டியில் வியாபாரி பின்னால் வந்தார். சின்னமனூர் தாண்டியதும் ரோடு வெறிச்சென்று கிடந்தது. மூணு, நாலு, அஞ்சு என்று கியர் ஏற ஏற வண்டி உறுமிய உறுமலில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு பின்னால் ஓடியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் டீக்கடையில் நின்றார்கள். நான் ஹாரன் அடிக்கவும், கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே திரும்பினார்கள்.

லோயர் கேம்ப் வரைக்கும் நான் ராணி மாதிரிதான் போனேன். மலை ஏறத் தொடங்கியதும் கதை மாறியது. முன்னால் ஒரு லாரி. அதற்கு முன்னால் பஸ். அதற்கும் முன்னால் என்ன என்று தெரியவில்லை. வளைவுக்கு வளைவு நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஒண்ணு, ரெண்டு, மறுபடி ஒண்ணு. திராட்சைக் கொடி வெட்டும் கவாத்து சமயத்தில் பந்தலுக்கடியில் வழுக்கி விழுந்து என் இடது மணிக்கட்டு பிசகியிருந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் அது பொய் என்று எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு தடவை கியரை இழுக்கும்போதும் முழங்கை வரைக்கும் சுள்ளென்று வலித்தது.

"கை வலிக்குதா?"

"இல்லையே."

"பொய் சொல்லாத. கையை எடு. நீ கிளட்சை மிதி, நான் போடுறேன்."

"உங்களுக்குக் கிறுக்கா?"

அதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன். வேறு வழியில்லாமல் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். கிளட்சை மிதித்து "ஒண்ணு!" என்றேன். அவர் வலது கையால் தள்ளினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஏறியது. "ரெண்டு!" இழுத்தார். முதல் வளைவில் வண்டி தவளை மாதிரி துள்ளியது. ஒரு தடவை நின்றேபோனது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். அப்புறம் எப்படியோ பிடிபட்டுவிட்டது. நான் சொல்லவே வேண்டியதில்லை, என் கால் அசைவதைப் பார்த்தே அவர் கை நகர்ந்தது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சசக் குழாய்கள் மலையிலிருந்து இறங்கும் இடத்தைத் தாண்டும்போது ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டிருந்தோம். எதிரே வந்த ஜீப்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்து, "சேச்சி, அடிபொளி!" என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டுப் போனார்.

குமுளியில் டீ குடித்து நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வண்டி மாறினோம்.

"இறக்கத்துல நான் ஓட்டவா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

போன வருஷம் அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. கிளட்ச் மிதிக்க அந்தக் கால் ஒத்துழைக்காது. எங்கே போனாலும் பக்கத்து சீட்டுதான். ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அதனாலேயே நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

நீல வண்டியில் அவர் ஏறி உட்கார்ந்தார். இடது காலைச் சௌகரியமாக ஓரத்தில் நீட்டிக்கொண்டார். முதல் ரெண்டு வளைவு பயந்து பயந்துதான் எடுத்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி ரெண்டு பட்டை இருந்தது. இடது பக்கத்துப் பட்டையை விரலால் இழுத்தார். எஞ்சின் 'ர்ர்ரூம்' என்று உறுமிக் கியரைக் குறைத்துக்கொண்டது. அவர் என் பக்கம் திரும்பினார். கல்யாணமான புதிதில் புல்லட்டில் என்னைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போன ஆள் அந்த முகத்தில் இருந்தார்.

"பாத்தியா? பாத்தியாடி?"

"ரோட்டைப் பாருங்க முதல்ல!"

கீழே பச்சைப் பசேலென்று பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கூடலூர் தாண்டி என் முறை வந்தது. கையும் வலிக்கவில்லை, காலுக்கும் வேலையில்லை, ஜம்மென்று போனது வண்டி. ஒரு வேகத்தடை தெரிந்தது. இத்தனை வருஷப் பழக்கம், இடது கால் தானாகவே எழுந்து கிளட்சை ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. சிப்ஸ் பொட்டலம் பறந்து கண்ணாடியில் மோதி, எங்கள் ரெண்டு பேர் மேலும் மழையாகக் கொட்டியது. நல்லவேளை, பின்னால் மஞ்சள் வண்டியில் வியாபாரி இடைவெளி விட்டு வந்திருந்தார்.

ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தாள். "ஏ ஆத்தா, எதுக்கு இப்படி நிப்பாட்டுன? என் ஆடு இன்னும் ரோட்டுக்கே வரலையே!"

"கிளட்ச்சுன்னு நெனச்சு மிதிச்சுட்டேன்" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ, தலைமுடியில் சிப்ஸோடு உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கம்பத்தில் நிறுத்தியதும் வியாபாரி, "சொல்லுங்க, எது?" என்றார்.

"மஞ்சள்" என்றார் அவர். அதே நேரத்தில் "நீலம்" என்றேன் நான்.

வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, காலைல வரைக்கும் நீங்கதான ஆட்டோமேட்டிக் கேட்டீக? அக்கா கியர் வேணும்னாக. இப்ப என்ன ரெண்டு பேரும் மாறிட்டீக?"

"ஏறும்போது ரெண்டு பேரும் சேந்து ஓட்டுனோம்ல, அது மாதிரி இதுல வராது" என்றார் அவர். "அவ சந்தோசமும் அந்த வண்டியிலதான் இருக்கு."

நான் நீல வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் கேட்டேன். "ஏங்க, எனக்குத் தோட்டத்துல வேலை. நீங்க மட்டும் எங்கனயாச்சும் போகணும்னா? கிளட்ச் மிதிக்க நானும் கூட வரணுமா?"

அவர் கீழே குனிந்து சட்டையில் ஒட்டியிருந்த சிப்ஸ் தூளைத் தட்டிவிட்டார்.

"எனக்கு டிராக்டர் இருக்கு. கியர் போட ஆசை வந்தா அதுல போட்டுக்கிறேன். நீலமே இருக்கட்டும்" என்றேன். அவர் என் வலிக்கிற கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வியாபாரி மரியாதையாக வேறு பக்கம் திரும்பி யாருக்கோ போன் போட்டார்.

வண்டி வந்த கொஞ்ச நாளில் எனக்கும் அந்தப் பட்டைகள் பழகிவிட்டன. சும்மா சொல்லக் கூடாது, அதிலும் ஒரு ருசி இருக்கிறது. தெருவில் இருக்கும் வேகத்தடைகளில்தான் வண்டி வயிறு தட்டும். குறுக்குவாட்டில் ஏற்றி இறக்கும் வித்தையில் அவர் இப்போது என்னைவிடக் கெட்டிக்காரர். தீபாவளிக்கு மகள் வந்தாள். எங்களைக் கேலி செய்துகொண்டே சுற்றிச் சுற்றி வந்து வண்டியைப் பார்த்தாள். அவளை யார் ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போவது என்று நாங்கள் சண்டை போட ஆரம்பித்தோம். "நான் கூட்டிட்டுப் போறேன்." "நேத்து நீங்கதான ஓட்டுனீக?" நாங்கள் முடிப்பதற்குள் அவள் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் வாசலில் நின்று, தெருமுனை தாண்டி எஞ்சின் உறுமிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மூணாவது கியர்ல போறா" என்றார் அவர்.

"இல்ல, நாலு" என்றேன் நான்.