பத்து லட்சத்து ஒன்றும் கஸ்தூரி அம்மாவும்

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. எங்கள் சித்தூர் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிவந்த நகரி கஸ்தூரி அம்மா காலமாகிவிட்டார். இரங்கல் கூட்டத்தில், கணித விரிவுரையாளன் என்று என்னையும் பேசச் சொன்னார்கள். நேரம் தவறாதவர், பிழையில்லாமல் வேலை செய்பவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர்களைத் திருப்பதிக்கு ஒரு கருத்தரங்குக்கு அழைத்துப் போனோம். வருகைப் பதிவுக்காக அவரும் வந்திருந்தார். நான் மேடையில் 1000001 என்று எழுதினேன். பத்து லட்சத்து ஒன்றை 3, 7, 11, 13 எதனால் வகுத்தாலும் மிச்சம் 2 வருவதைக் காட்டி, இது பகா எண் என்று முடித்தேன். கடைசி வரிசையில் கஸ்தூரி அம்மா எழுந்தார்.

"லேது சார், இல்ல. அது நூத்தியொண்ணுல போவுது."

"நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்துக்கினு இருங்கம்மா. கணக்க நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

அரங்கம் சிரித்தது. அவரும் சிரிக்க முயன்று உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் பேருந்தில் கைபேசியில் வகுத்துப் பார்த்தேன். 9901. மிச்சம் இல்லை. பத்து லட்சம் என்பது நூற்றின் கனம். அதோடு ஒன்றைக் கூட்டினால் நூற்றொன்றால் வகுபடும் என்பது பள்ளிக்கூடச் சூத்திரம். இரண்டு இருக்கை முன்னால் அவர் ஜன்னலோரம் இருந்தார். எழுந்து போய்ச் சொல்ல சித்தூர் வரை நேரம் இருந்தது. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதைவிடக் கேவலம், மறு வாரம் செய்தது. திருப்பதிக்கு வராத முதலாண்டு மாணவர்களிடம், நானே கண்டதுபோல அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

அது அவர் காதுக்குப் போய்விட்டது. மதியம் என் அறைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒரு தாளை நீட்டினார். இரண்டு பக்கமும் பென்சிலில் வகுத்தல் கணக்கு.

"அந்த 9901 மேல உடையல சார். நூறு வரைக்கும் எதுலயும் போவல. நூறத் தாண்டிப் பாக்கத் தேவையில்ல இல்ல? பசங்களுக்கு இதையும் சேத்துச் சொல்லுங்க."

"நூத்தியொண்ணு எப்படிம்மா தெரிஞ்சது?"

"ஹால் டிக்கெட் நம்பர் ஆறு இலக்கம் சார். தப்பா ரெண்டு வாட்டி சேத்து அடிச்சிட்டா பன்னெண்டு வரும். அத சும்மா வகுத்துப் பாத்துக்கினு இருப்பேன். எந்த நம்பரா இருந்தாலும் நூத்தியொண்ணுல போவுது."

ஆறிலக்க எண்ணை அடுத்தடுத்து இருமுறை எழுதுவதும், அதைப் பத்து லட்சத்து ஒன்றால் பெருக்குவதும் ஒன்றுதான். யாரும் சொல்லித் தராமல் அவர் அந்த வாசலுக்கு வந்து நின்றிருந்தார். மன்னிப்பு நாக்குவரை வந்தது. "சரிம்மா, வச்சிட்டுப் போங்க" என்றேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த பிறகு, போன திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததையெல்லாம் சொன்னேன். "அந்த மேடம்கிட்ட சாரி சொன்னீங்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லை என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கஸ்தூரி அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு சொல் என்னிடமே இருக்கிறது. வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை.